முதலில் கம்பி, பிறகே பாய்: பழைய பாய்மரப் படகைப் புதுப்பிக்கும் முறை

பழைய பாய்மரப் படகு வாங்குகிற எவரும் முதலில் விசாரிப்பது புதுப் பாயின் விலையைத்தான். நானும் அதைத்தான் செய்தேன். என்னுடையது 1983இல் கட்டப்பட்ட 36 அடிக் கண்ணாடியிழைப் படகு. ஜெரெஜாக் தீவுக்கும் பினாங்குத் தீவுக்கும் நடுவே நங்கூரமிட்டுக் கிடந்தது. பாய்கள் இரண்டும் துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி போலத் தொய்ந்திருந்தன. அளவெடுத்துப் புக்கெட்டில் இருக்கும் பாய் தைக்கும் கூடத்துக்கு அனுப்பலாம் என்று நாடாவும் கையுமாக நின்றபோது, பக்கத்துப் படகில் வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். தொங்கான் எனும் சரக்குப் படகுகளின் காலத்திலிருந்தே பினாங்குத் துறைமுகக் கரையான வெல்ட் கீயில் கயிறும் கம்பியுமாக வாழ்ந்தவர். "பாய் அழகாக வந்துவிடும், தம்பி. அதைத் தாங்கப்போவது எது என்று பார்த்தாயா?" என்று கேட்டுவிட்டு, பாய்மரத்தை இடப்பக்கமாக இழுத்துப் பிடித்து நிறுத்தும் கம்பியின் அடிமுனையில் சுற்றியிருந்த பழைய டேப்பைக் கத்தியால் கீறி உரித்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் மயிரிழை போல ஒரு கோடு. பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் 27 ஆண்டுகள் பூதக்கண்ணாடி வழியாக விரிசல் தேடிச் சம்பளம் வாங்கியவன் நான். என் படகின் விரிசலை இன்னொருவர் வந்து காட்ட வேண்டியிருந்தது.

அன்றைக்கு என் வேலைப் பட்டியல் தலைகீழானது. கம்பிகளைப் படகின் உடலோடு பிணைக்க மேல்தளத்தைத் துளைத்து நிற்கும் எஃகுப் பட்டையான செயின்பிளேட் முதலில். அதில் மாட்டிய கம்பிகள் அடுத்து. பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் மூன்றாவது. அதன் பிறகே பாய். மீதிச் சாமான்கள் கடைசி. இந்த வரிசையில் போனால் பணம் பாதி வழியில் தீர்ந்தாலும் பாய்மரம் நிற்கும். பணம் கட்டாயம் பாதி வழியில் தீரும்.

இந்த ஊரின் வெயிலும் காற்றும்

கம்பிகளுக்கு 10 முதல் 15 ஆண்டு ஆயுள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பெரும்பாலும் குளிர்நாட்டுக் கணக்கு. அங்கே ஆண்டில் பல மாதங்கள் படகு கரையில் போர்த்திக் கிடக்கும். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகையில் இருக்கிறது. பன்னிரண்டு மாதமும் வெப்பம், ஈரம், உப்பு. கம்பி வழியாக வழியும் உப்புநீர் கம்பியைச் செருகியிருக்கும் அடிமுனைக் குழாய்க்குள் இறங்கி, வெயிலில் வற்றி, மறுநாள் மீண்டும் இறங்கும். ஒவ்வொரு முறையும் உள்ளே உப்பு அடர்ந்துகொண்டே போகும். அதனால்தான் மேல்முனை பளபளவென்று இருக்கும்போதே அடிமுனை வெடித்துவிடுகிறது. நான் 10 ஆண்டு முடிந்ததும் மறுபேச்சில்லாமல் மாற்றிவிடுகிறேன்.

காற்றின் குணமும் வேறு. மலாக்கா நீரிணையில் பெரும்பாலான நாட்கள் காற்று மெலிதாகவே இருக்கும். பாதிப் பயணம் இயந்திரத்தில்தான் ஓடும். ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், விடிவதற்கு முன் சுமத்ராப் பக்கமிருந்து ஒரு கரும்பட்டை எழுந்து வரும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அடித்துத் தீர்க்கும். 40 நாட் (மணிக்கு 40 கடல் மைல்) காற்று அதில் புதிதல்ல. மெல்லிய காற்றுக்கு ஏற்ற பெரிய முன்பாயும் வேண்டும், நொடியில் சுருங்கும் பெரிய பாயும் (பாய்மரத்துக்குப் பின்னால் விரியும் முதன்மைப் பாய்) வேண்டும். சாமான் வாங்கும்போது இந்த இரண்டையும் மனத்தில் வையுங்கள்.

ஏறிப் பார்ப்பது

ஒரு நோட்டுப்புத்தகத்தில் படகின் படத்தை வரைந்து, ஒவ்வொரு கம்பிக்கும் எண் போடுங்கள். விட்டம், அதை மாட்டும் ஆணியின் தடிமன், நீளம், கடைசியாக மாற்றிய தேதி ஆகியவற்றை எழுதுங்கள். பிறகு பாய்மரம் ஏறுங்கள்.

இரண்டு கயிறு இல்லாமல் ஏற வேண்டாம். ஒன்று உங்களைத் தூக்க, மற்றொன்று காக்க. கொக்கியை நம்பாமல் இரண்டையும் இடுப்பு வாரில் முடிச்சுப் போட்டே கட்டுங்கள். கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையான வின்ச் மின்சாரத்தில் ஓடுவதென்றால், அதில் ஆளைத் தூக்குவது பேராபத்து. பொத்தான் சிக்கிக்கொண்டால் நிறுத்த வழியில்லை. கருவிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல் கட்டுங்கள், மேலிருந்து விழும் ஸ்பானர் கீழே நிற்பவரின் தலைக்கு வரும். ஜெரெஜாக் பக்கம் நங்கூரமிட்டிருப்பவர்களுக்கு ஒரு சொல்: மீன்பிடிப் படகுகள் கடந்துபோகும் நேரத்தில் மேலே இருக்காதீர்கள். கீழே தொட்டில்போல ஆடும் அலை, 14 மீட்டர் உயரத்தில் சாட்டையாகச் சுழற்றும். பிற்பகலில் இடிமேகம் திரள்வதற்குள் இறங்கிவிடுங்கள்.

மேலே பார்க்க வேண்டியவை: கம்பியில் ஓர் இழை அறுந்து முள்போல நீட்டிக்கொண்டிருக்கிறதா, பக்கக் கம்பிகளைப் பாய்மரத்திலிருந்து விலக்கிப் பிடிக்கும் குறுக்குக் கையான ஸ்ப்ரெடரின் முனையில் பிளாஸ்டிக் உறைக்குள் அரிப்பு இருக்கிறதா, கப்பிகள் சுழல்கின்றனவா. அலுமினியப் பாய்மரத்தில் எஃகு ஆணி இறங்கிய இடமெல்லாம் வெள்ளைத் தூள் பூத்திருக்கும். இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் ஒரு சிறு மின்கலம் பிறந்துவிடுகிறது, அலுமினியம் கரைகிறது. கழற்றிய ஒவ்வொரு ஆணியையும் டெஃப்ஜெல் போன்ற தடுப்புப் பசை தடவித்தான் திரும்பப் போட வேண்டும்.

செயின்பிளேட்: கண்ணில் படாத இடம்

கம்பியின் இழுவை முழுவதையும் படகின் உடலுக்குக் கொண்டுசேர்ப்பது இந்த எஃகுப் பட்டைதான். மேலே ஒரு சாண் தெரியும், மீதி மேல்தளத்தின் வழியாக உள்ளே இறங்கிக் குறுக்குச் சுவரில் போல்ட்டுகளால் பிணைந்திருக்கும். சிக்கல் மேல்தளத்தின் தடிமனுக்குள் மறைந்திருக்கும் அந்த இரண்டு அங்குலத்தில் இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு என்று நாம் சொல்வது, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுக் குரோமியம் ஒரு மெல்லிய படலமாக மேலே படிவதால்தான் துருப்பிடிக்காமல் இருக்கிறது. ஈரம் தேங்கி ஆக்சிஜன் எட்டாத இடுக்கில் அந்தப் படலம் பிய்ந்துபோகும். பிறகு சாதாரண இரும்பைவிட மோசமாக, குழிகுழியாக அரிக்கும். வெளியே பார்த்தால் கண்ணாடி. உள்ளே பார்த்தால் புற்று.

ஆகவே ஒன்றையாவது முழுமையாகக் கழற்றிப் பாருங்கள். நான் எட்டில் ஒன்றைக் கழற்றினேன். மேல்தள மட்டத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கரும்பள்ளம் இருந்தது. மீதி ஏழையும் அன்றே கழற்றிவிட்டேன்.

புதியது செய்ய நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. மின்னணுத் தொழிற்சாலைகளுக்குத் துல்லிய உதிரிபாகம் கடையும் பட்டறைகள் இந்த மாநிலத்தில் ஏராளம். பழைய பட்டையையே மாதிரியாகக் கொடுத்தால் மில்லிமீட்டர் பிசகாமல் செய்து தருவார்கள். 316எல் வகை எஃகு என்று எழுத்தில் கேளுங்கள். உலோகச் சான்றிதழை வாங்குங்கள். கடைசியில் எலக்ட்ரோபாலிஷ் செய்யச் சொல்லுங்கள், பரப்பு வழவழப்பானால் அரிப்புக்குப் பிடி கிடைக்காது. எனக்கு ஒரு பட்டறை 304 எஃகில் செய்து கொடுத்துவிட்டது. காந்தத்தால் இதைக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டுமே காந்தத்தில் ஒட்டாதவை. 316இல் மட்டும் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் உண்டு. அதைக் கண்டறியும் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டு, சிறு பேட்டரியால் தொட்டால் நிறம் மாறும். என் பட்டைகளில் மாறவில்லை. ஒரு மாதமும் ஒரு தொகையும் போயிற்று.

கழற்றிய துளையைச் சும்மா விடாதீர்கள். மேல்தளத்தின் நடுவில் பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ இருக்கும்; நீர் இறங்கியிருந்தால் ஊறவைத்த ரொட்டியாகக் கையோடு வரும். நைந்ததைச் சுரண்டி எடுத்து, நன்றாக உலரவிட்டு, கெட்டியாகக் குழைத்த எப்பாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பின் புதிதாகத் துளையிடுங்கள். இனி நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. அடைப்புக்குப் பியூட்டில் டேப் போதும். நிரந்தரமாக ஒட்டும் பசையைப் போட்டால் அடுத்த முறை கழற்றும்போது மேல்தளத்தையே பெயர்க்க வேண்டியிருக்கும்.

கம்பி மாற்றுவது

பாய்மரத்தை முன்னும் பின்னும் பிடிப்பவை ஸ்டே, பக்கவாட்டில் பிடிப்பவை ஷ்ரவுட். உல்லாசப் படகுகளில் பெரும்பாலும் 19 இழைக் கம்பி இருக்கும்: நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, வெளியே பன்னிரண்டு.

பழைய முனைகளை முதலில் 10 மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியால் பாருங்கள். சந்தேகமிருந்தால் சாயச் சோதனை செய்யுங்கள். முனையைச் சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயத்தைத் தெளித்து, பத்து இருபது நிமிடம் ஊறவிட்டு, மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளிக்க வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் பதுங்கிய சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசிந்து எழும். பற்றவைப்பைச் சோதிக்கப் பயன்படும் அதே மூன்று டப்பாக்கள்தான் இவை, தொழிற்சாலைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். என் படகில் பத்து அடிமுனைகளில் நான்கு சிவந்தன.

புதுக் கம்பிக்கு முனை போட இரண்டு வழி உண்டு. ஸ்வேஜ் என்பது எஃகுக் குழாய்க்குள் கம்பியைச் செருகி எந்திரத்தில் நசுக்குவது. விலை குறைவு, ஆனால் நல்ல எந்திரமும் நல்ல கையும் வேண்டும். மற்றொன்று ஸ்டாலாக் போன்ற திருகு முனை. வெளி இழைகள் பன்னிரண்டையும் பிரித்து, உள் ஏழின்மேல் ஒரு கூம்பை ஏற்றி, இழைகளை அதன்மேல் சீராகப் படியவைத்து, உடலைத் திருகி மூட வேண்டும். மூடுவதற்கு முன் உள்ளே அடைப்புப் பசையை நிரப்புங்கள். திருகும்போது மேல்வாயில் பசை பிதுங்கி வந்தால்தான் உள்ளே நீருக்கு இடமில்லை என்று பொருள். நான் மேலே ஸ்வேஜும் கீழே திருகு முனையும் போட்டேன். கீழ்முனையை வேண்டும்போது நானே திறந்து பார்க்கலாம், கூம்பை மட்டும் மாற்றினால் திரும்பவும் பயன்படும்.

கம்பியின் தடிமனைக் கூட்டிவிடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம். 6 மி.மீ. கம்பிக்குப் பதில் 8 மி.மீ. போட்டால் எஃகின் குறுக்குப் பரப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. அந்த எடை பாய்மர உச்சியில் உட்காரும், ஆணியும் செயின்பிளேட்டும் அதற்கேற்ப மாற வேண்டும். கட்டியவர் போட்ட அளவையே போடுங்கள்.

பாய்மரத்தை இறக்காமல் மாற்றுவதென்றால் ஒரு நேரத்தில் ஒரே கம்பி. அது இருந்த பக்கத்தை அதற்குள் ஒரு பாய்க்கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். கிரேன் வைத்து இறக்க வசதியிருந்தால் இறக்குவதே நல்லது. உச்சி விளக்கை எல்இடியாக்கி, விஎச்எஃப் வானொலியின் ஆன்டெனாக் கம்பியையும் கையோடு மாற்றிவிடலாம். பழைய கம்பியை ஆணிக்கு ஆணி அளந்து எழுதுங்கள். புதுக் கம்பி முதல் சில பயணங்களில் சற்று நீளும். அதை இறுக்க, கம்பியின் அடியில் மாட்டும் திருகுமுறுக்கியான டர்ன்பக்கிளில் திருகு மிச்சம் இருக்க வேண்டும்.

டர்ன்பக்கிளின் உடல் வெண்கலமாக இருக்கட்டும். எஃகுத் திருகு எஃகு உடலில் இழுவையோடு திரும்பினால் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு பிறகு ரம்பத்துக்குத்தான் அசையும்.

இறுக்கத்தை அளக்க ஓர் எளிய வழி

கம்பியைத் தட்டிப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று சொல்லும் ஆட்களை எனக்குப் பிடிப்பதில்லை. தச்சர்கள் வைத்திருக்கும் 2 மீட்டர் மடிப்பு அளவுகோல் ஒன்று போதும். 19 இழைக் கம்பி 2 மீட்டரில் 1 மி.மீ. நீண்டால், அது தன் முறிவுச் சுமையில் 5 விழுக்காட்டைத் தாங்குகிறது. கம்பி தடியோ மெலிதோ, கணக்கு இதுதான்.

செய்முறை: கம்பியைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். அளவுகோலின் மேல்முனையைக் கம்பியோடு சேர்த்து டேப்பால் இறுக்கிக் கட்டுங்கள். கீழ்முனை அடிக்குழாயின் விளிம்பைச் சரியாகத் தொட்டு நிற்கட்டும். இப்போது இடமும் வலமும் மாறிமாறி, ஒரே எண்ணிக்கையில் திருகுங்கள். அளவுகோலின் அடிக்கும் குழாய் விளிம்புக்கும் இடையே மெல்ல ஓர் இடைவெளி பிறக்கும். 3 மி.மீ. ஆனதும் 15 விழுக்காடு. உச்சிவரை போகும் ஷ்ரவுட்டுக்கு 15 முதல் 20 வரை பெரும்பாலான படகுகளுக்குச் சரி.

பாய்மரம் நேராக நிற்கிறதா என்பதற்கு, எஃகு அளவு நாடாவைப் பாய்க்கயிற்றில் உச்சிக்கு ஏற்றி, இரு பக்கச் செயின்பிளேட்டுக்கும் அளந்து ஒப்பிடுங்கள். பிறகு பாய்மரத்தின் அடியில் கன்னத்தை வைத்து, பாய் ஓடும் தடத்தின் வழியே ஒற்றைக் கண்ணால் மேலே பாருங்கள். பாம்புபோல வளைந்தால் நடுக் கம்பிகளைத் திருத்த வேண்டும்.

ஆஞ்சானும் தாமானும்

பாயை ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்றும், பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குத் தாமான் என்றும் நம் கடலோடிகள் பெயர் வைத்திருந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பாய்விரித்து வந்து பினாங்கின் சூலியா தெருவில் குடியேறிய வணிகர்களின் கப்பல்களில் இவை புழங்கியிருக்கும். இன்று மலேசியத் தமிழரிடம் தாமான் என்றால், மலாயில் குடியிருப்புப் பகுதி என்ற பொருளில், எந்தத் தாமானில் வீடு என்று கேட்பார்கள். போகட்டும்.

பழைய படகுகளில் ஆஞ்சான் பாதி கம்பி, பாதி கயிறாக இருக்கும். அதைத் தூக்கிவிட்டு முழுவதும் கயிறாக்குங்கள். டைனீமா எனும் செயற்கை உள்ளிழை கொண்டது நீளாது. சாதாரணப் பயணத்துக்கு நல்ல பாலியெஸ்டர் இரட்டைப் பின்னலும் போதும். ஆனால் உச்சிக் கப்பியைப் பாருங்கள். கம்பிக்காகச் செய்த கப்பியின் பள்ளம் குறுகலாக இருக்கும், விளிம்பும் அரைபட்டுக் கூர்மையாகியிருக்கும். புதுக் கயிற்றை ஒரே பருவத்தில் தின்றுவிடும். கப்பியையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

புதுக் கயிற்றைப் பாய்மரத்துக்குள் செலுத்த, பழையதன் நுனியோடு அதை முட்டவைத்து, தடித்த நூலால் குறுக்கும் நெடுக்கும் பத்துத் தையல் போட்டு, மேலே மெலிதாக டேப் சுற்றி இழுங்கள். நான் முதல்முறை டேப்பை மட்டும் நம்பினேன். பாதி வழியில் பிரிந்து, பழைய கயிறு என் கையிலும் புதியது பாய்மரத்துக்குள்ளுமாக நின்றது. சைக்கிள் சங்கிலித் துண்டை நூலில் கட்டி உச்சியிலிருந்து இறக்கி மீட்க ஒரு பகல் முழுவதும் ஆனது.

வின்ச்சைப் பிரிக்கும்போது அட்டைப்பெட்டியின் அடியில் ஓட்டை போட்டு அதன்மேல் கவிழ்த்துவிடுங்கள். துள்ளும் ஸ்பிரிங்குகள் கடலுக்குப் போகாமல் பெட்டிக்குள் விழும். பல்சக்கரங்களுக்கு மெல்லிய கிரீஸ். தடுப்புப் பற்களுக்கு எண்ணெய் மட்டுமே. கிரீஸ் போட்டால் அவை ஒட்டிக்கொண்டு, சுமையோடு வின்ச் பின்னோக்கிச் சுழலும்.

இப்போது பாய்

முதலில், உண்மையிலேயே புதியது வேண்டுமா என்று பாருங்கள். வெயிலில் முதலில் சாவது நூல். தையலை நகத்தால் கீறுங்கள். பொடியாக உதிர்ந்தால் நூல் போயிற்று. துணியின் பின்விளிம்பருகே இரண்டு கையாலும் கிழித்துப் பாருங்கள். கிழியாவிட்டால் துணிக்கு உயிர் இருக்கிறது, வெயிலுக்கு அசையாத பிடிஎஃப்இ நூலால் மறுதையல் போட்டு இன்னும் சில ஆண்டு ஓட்டலாம். துணியே கிழிந்தால் புதியதுதான்.

அளவுகள் நான்கு எழுத்தில் அடங்கும். பி என்பது பாய்மரத்தில் பெரிய பாய் ஏறும் உயரம், இ என்பது பெரிய பாயின் அடியைப் பிடிக்கும் கிடைக்கட்டையான பூமின் நீளம், ஐ என்பது மேல்தளத்திலிருந்து முன் ஸ்டே தொடும் உயரம், ஜே என்பது பாய்மரத்திலிருந்து முன் ஸ்டேயின் அடிவரை உள்ள தூரம். என் படகில் பி 12 மீட்டர், இ 3.8 மீட்டர். பெருக்கி இரண்டால் வகுத்தால் 22.8 சதுர மீட்டர். முன்முக்கோணம் ஐ 14, ஜே 4.3, 30.1 சதுர மீட்டர். இதில் 130 விழுக்காட்டு ஜெனோவா (பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் நீளும் பெரிய முன்பாய்) 39 சதுர மீட்டருக்கு வரும். நாடாவை ஆஞ்சானில் ஏற்றும்போது கொக்கியின் நீளத்தைக் கழிக்க மறக்காதீர்கள்.

துணிக்கு நெய்த பாலியெஸ்டரே இந்த ஊருக்குச் சரி. பளபளக்கும் ஒட்டுப்படலத் துணி பந்தயத்துக்கு. வெயிலிலும் ஈரத்திலும் அடுக்கு பிரியும், பூஞ்சை உள்ளே புகுந்தால் வெளியேறாது. 36 அடிப் படகுக்குச் சதுர மீட்டருக்கு 300 முதல் 340 கிராம் எடையுள்ள துணியைக் கேளுங்கள்.

காற்று மிகும்போது பாயைச் சிறிதாக்கிக் கட்டும் வரிசைக்குச் சுருக்கு என்று பெயர். பெரிய பாயில் மூன்றாவது சுருக்குக்கு என்று தனிக் காசு கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். முன்விளிம்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் இறங்கும்படி ஆழமாக வைக்கச் சொல்லுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு சுமத்ராப் பக்கக் காற்று எழும்போது இரண்டாவது சுருக்கு போதாது. முன்பாய்க்கு 150 விழுக்காடு ஆசை காட்டும். 130 அல்லது 135இல் நின்று, முன்விளிம்பில் நுரைப்பட்டை வைத்துத் தைக்கச் சொன்னால், பாதி சுருட்டிய நிலையிலும் பாய் பையாகத் தொங்காமல் தட்டையாக நிற்கும். சுருட்டிய பாயின் வெளிச்சுற்றில் வெயில்துணி கட்டாயம். அதன் தையலுக்கும் பிடிஎஃப்இ நூலையே கேளுங்கள்.

மீதிச் சாமான்கள்

முன்பாயைச் சுருட்டும் கருவியின் மேல் சுழலியை நன்னீரால் கழுவுங்கள். ஆஞ்சான் ஸ்டேக்கு இணையாக ஏறினால் பாயோடு சேர்ந்து ஸ்டேயைச் சுற்றிக்கொள்ளும். ஏறக்குறைய 10 பாகை விலகி நிற்க ஒரு தடுப்புக் கப்பி தேவை. பிளாஸ்டிக் உறை போட்ட கைப்பிடிக் கம்பிகளை மாற்றுங்கள், உறைக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஜெரெஜாக் சேற்றில் பழைய கலப்பை வடிவ நங்கூரம் உழுதுகொண்டே போகும். ராக்னா போன்ற அகன்ற வாய் நங்கூரங்கள் புதைந்து நிற்கின்றன. சங்கிலி மாற்றினால் அதன் கண்ணி நங்கூரத்தை இழுக்கும் எந்திரமான உங்கள் விண்ட்லாஸின் பல்லுக்குப் பொருந்துகிறதா என்று ஒரு மீட்டர் துண்டை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 1987 முதல் லங்காவி தீர்வையற்ற தீவு என்பதால் கனமான சாமான்களை அங்கே போகும்போது விசாரித்துவிடுவது என் வழக்கம்.

கடல் சோதனை

10 முதல் 15 நாட் காற்றுள்ள ஒரு பிற்பகலைத் தேர்ந்தெடுங்கள். நான் தஞ்சோங் தோக்கோங்கைத் தாண்டி, 1883இல் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கம் தெரியும்வரை வடகரையோரமாக ஓட்டினேன். படகு 20 பாகை சாய்ந்ததும் காற்று போகும் பக்கத்து ஷ்ரவுட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். சற்று இளகலாம், ஆனால் கொடிக்கயிறாக ஆடக்கூடாது. ஆடினால் அரைத் திருகு இறுக்கி, திசை மாற்றி, மறுபக்கத்திலும் அதே அரைத் திருகு. சுமையிலிருக்கும் பக்கத்தில் டர்ன்பக்கிளைத் தொடாதீர்கள்.

திரும்பி வந்து நங்கூரமிட்டதும் ஒவ்வொரு டர்ன்பக்கிளுக்கும் திருகு தானாகக் கழலாதபடி காட்டர் பின் போட்டு, கால்களைச் சற்றே விரித்து, பாய் கிழியாதபடி டேப் சுற்றினேன். அடிமுனைக் குழாய்களை மட்டும் திறந்தே விட்டேன். பெரியவர் தன் படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "டேப்பு?" என்று கேட்டார். "அங்கே கிடையாது, அண்ணே" என்றேன். நோட்டுப்புத்தகத்தில் பத்துக் கம்பிக்கும் எதிரே தேதியை எழுதிவிட்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும் என்று அடியில் குறித்துவைத்தேன்.